நாலு டன், ஒன்றேகால் டன்

எடை கேட்டால் சொல்வேன்.
தலைவர் சிலை நாலு டன், பீடம் தனி.
கோயில் மணி ஒன்றேகால்.
இரண்டையும் தூக்கியது இதே கிரேன்,
இழுத்தது இதே இடது கை,
ஜார்ஜியாவில், க்விரிலா ஆற்றங்கரையில்,
மாங்கனீசு தூசி அப்பிக் கறுத்த எங்கள் சதுக்கத்தில்.

தலைவர் இறங்கிய அன்று
கழுத்தில் சுருக்குப் போட்டவன் நான்.
ஊரே கைதட்டியது.
சீட்டியடித்தவர்களில் தெதோரேயும் ஒருவன்.
அப்போது அவன் சுரங்கப் பட்டறையில் பிட்டர்,
பாதிரி அங்கி பிறகு வந்தது.
பள்ளிக்கூடத்து வெனேரா டீச்சர் மட்டும்
தபால் நிலையச் சுவரில் முகம் புதைத்து அழுதாள்.
சிரித்தோம்.
விரல் நீட்டிக் காட்டிச் சிரித்தோம்.
கொள்கைதானே, செத்தால் என்ன என்றோம்.
அவள் பிள்ளைகளுக்கு எழுதிக்காட்டிய அத்தனை சொல்லும்
என் கொக்கியில் தலைகீழாகத்
தொங்கிக்கொண்டிருந்தது.

பிறகு இருட்டு வருடங்கள்.
கரண்ட் இல்லை. ரொட்டிக்கு விடியுமுன் வரிசை.
என் மனைவி த்சியாலா படுத்த படுக்கையானபோது
பதினொரு இரவு வந்தான் தெதோரே,
ஒரு கையில் மெழுகுத்திரி, மறு கையில் விறகு.
கட்சிக்காரன் எவனும் என் மாடிப்படி ஏறியதில்லை.
அதை மறந்து பேசினால் என் நாக்கு அழுகட்டும்.
இன்றும் கோயிலைக் கடக்கையில்
மூன்று முறை சிலுவையிட்டுக்கொள்கிறேன்,
கையெல்லாம் கிரீஸாக இருந்தாலும்.

ஆனால் அந்த உத்தரம்.
மணி தொங்கும் உத்தரத்தின் கிழக்கு போல்ட்டில்
துரு.
நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக உதிர்கிறது.
ஈஸ்டருக்குள் மாற்றிவிடலாம் என்றேன்.
கணக்கு எழுதும் அம்பெர்கி உதட்டில் விரல் வைத்தான்:
"கர்த்தரின் வீட்டைக் குறை சொல்லாதே."
போன வருடமே போல்ட்டுக்கு வசூலித்தீர்களே,
அந்தப் பணம் எங்கே என்று லமாரா கேட்டாள்,
எல்லோர் முன்னாலும், குரலைத் தாழ்த்தாமல்.
மறுநாளிலிருந்து அவள் காய்கறிக் கடையில்
கத்தரிக்காய் வாடுகிறது.
"நம்பிக்கையைப் புண்படுத்திவிட்டாள்."

இந்தக் குரலை
எங்கேயோ கேட்டிருக்கிறேன்.

எண்பத்திரண்டு. ரோப்கார் நிலையம்.
வடத்தில் பதினேழு இழை விட்டுப்போயிருக்கிறது என்று
எழுதிக் கொடுத்தேன்.
மேலாளர் காகிதத்தை நாலாகக் கிழித்தார்.
"நம்முடைய வடம் அறாது, தோழர்.
அறும் என்று தோன்றினால்
கோளாறு உன் மண்டையில்."
மார்ச் மாதம் அறுந்தது.
விழுந்தவர்களில் லமாராவின் அண்ணனும் இருந்தான்,
மடியில் வைத்திருந்த முட்டைக் கூடையோடு.

நேற்று வெனேரா டீச்சர் வீட்டுக்குப் போனேன்.
மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்,
வாயில் வந்தது வேறு:
கட்சியைப் பேசின மாதிரி
கோயிலையும் பேசலாமா?
சூரியகாந்தி விதையின் தோலைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:
"சிலை உள்ளே வெற்று என்று
உங்களுக்கெல்லாம் முன்னாடியே எனக்குத் தெரியும்.
தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.
அதற்குத்தான் அழுதேன்.
நீங்கள் எதற்குச் சிரித்தீர்கள், வலிகோ?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
விதைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.
வெகு நேரம் கொறித்துக்கொண்டிருந்தோம்.

இன்று ஞாயிறு.
இருபத்துநாலாம் நம்பர் ஸ்பானரைப் பையில் போட்டு
மணிக்கூண்டில் ஏறுகிறேன்.
யாரிடமும் கேட்கவில்லை. முழங்கால் வலிக்கிறது.
கீழே தெதோரே,
அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து
அண்ணாந்து பார்க்கிறான்.
அது பாதிரியின் பார்வை இல்லை,
பழைய பிட்டரின் பார்வை.
துரு என்றால் என்னவென்று அவனுக்கும் தெரியும்.
என்னவோ கத்துகிறான்.
இறங்கு என்கிறானா,
பார்த்து என்கிறானா,
மணிச் சத்தத்தில் கேட்கவில்லை.